விரிசல் கிணற்றுக் கழிவுத் தண்ணி எங்க போவுது? யாருகிட்ட அனுமதி?

வண்டல் (மன்னார்குடி), சனி இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம். எங்க பக்கம் மீத்தேன், ஹைட்ரோகார்பன்னு பேச்சு கிளம்பின நாள்லேர்ந்து 2020-ல வேளாண் மண்டலச் சட்டம் வர்ற வரைக்கும் மேடைக்கு மேடை "பாறையைப் பொளக்கிறான், பூமியை உடைக்கிறான்"னுதான் கேட்டிருக்கேன். உடைச்ச அப்புறம் மேல வர்ற தண்ணியை என்ன செய்வாங்கன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. அமெரிக்காவுல இருபது வருஷமா நீரியல் விரிசல் (ஃப்ராக்கிங்) போட்டு எண்ணெயும் வாயுவும் எடுக்குறாங்களே, அந்தத் தண்ணி எங்க போவுது? அதுக்கு என்ன சட்டம்? அங்க இருக்கிறவங்க சொல்லுங்க. "கூகுள் பண்ணு"ன்னு சொல்ல வர்றவங்க ஒதுங்கி நில்லுங்க, பண்ணிட்டுதான் வர்றேன்.

மிட்லண்ட்காரன் (டெக்சாஸ்), சனி இரவு 11.15

நான் அந்தத் தண்ணியோடதான் தினமும் மல்லுக்கட்டுறேன், நானே ஆரம்பிக்கிறேன். கம்பெனி பேரு மட்டும் கேக்காதீங்க.

முதல்ல, ரெண்டு தண்ணி இருக்கு. ஒண்ணு, பாறையை உடைக்க மணலும் ரசாயனமும் கலந்து உள்ள அடிச்சது. கிணத்தைத் திறந்ததும் முதல் சில வாரத்துக்கு அதுல ஒரு பங்கு திரும்பி வரும். ஃப்ளோபேக்னு சொல்லுவோம். இன்னொண்ணு, எண்ணெயோட சேர்ந்து பாறைக்குள்ளயே கோடிக்கணக்கான வருஷமா அடைஞ்சு கிடந்த உப்புத்தண்ணி. கிணறு உயிரோட இருக்கிற வரைக்கும் அது வந்துக்கிட்டே இருக்கும். இங்க பெர்மியன் எண்ணெய்ப் படுகையில ஒரு பேரல் எண்ணெய் எடுத்தா மூணு நாலு பேரல் தண்ணி கூட வர்றது சர்வ சாதாரணம். ஒரு பேரல்னா 159 லிட்டர். நாங்க எண்ணெய் எடுக்கிறோமா, தண்ணி எடுக்கிறோமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

அது எங்க வருதுன்னா, எங்க இடத்துக்கு. டேங்கர் ஒண்ணு 130 பேரல் கொண்டு வரும். டிரைவர் இறங்கினதும் முதல்ல சட்டைக் காலர்ல மாட்டியிருக்கிற மீட்டரைத் தட்டிப் பார்ப்பார். ஹைட்ரஜன் சல்ஃபைடுங்கிற விஷ வாயு இருந்தா அது கத்தும். அப்புறம் ஹோஸை மாட்டுவார். அழுகின முட்டையும் டீசலும் கலந்த ஒரு வாடை. தண்ணி தொட்டியில நின்னு தெளிஞ்சதும் மேல மிதக்கிற எண்ணெயை வழிச்சு வித்துடுவோம், அதுல ஒரு துளி வீணாப் போகாது. மிச்சத்தைத் துணிப்பை மாதிரி இருக்கிற ஃபில்டர்ல வடிகட்டி, பம்பு வச்சு மறுபடி பூமிக்குள்ள அனுப்புவோம். இதுக்குப் பேரு எஸ்டபிள்யூடி, உப்புத்தண்ணியைப் போடுற கிணறு. இப்ப பாதிக்கு மேல பைப்லைன்லயே வந்துடுது, இருந்தாலும் லாரி நின்னபாடில்ல.

ஹோஸைக் கழட்டும்போது சொட்டுற தண்ணி மறுநாள் காலையில வெள்ளையாப் பூத்து நிக்கும். வேதாரண்யம் உப்பளம் பார்த்திருப்பீங்கல்ல, அந்த வெள்ளை. அந்த இடத்துல அதுக்கப்புறம் ஒரு புல்லும் முளைக்காது.

உப்புக்கண்டம், ஞாயிறு காலை 6.02

எடுத்த இடத்துலயே போட்டுடுறாங்க. கணக்கு நேராயிடுச்சு. இதுல என்ன பிரச்சினை?

மிட்லண்ட்காரன், ஞாயிறு காலை 6.20

எடுத்த பாறை வேற, போடுற பாறை வேற. பிரச்சினையே அங்கதான்.

பெருமாள்கோயில் தெரு (பிட்ஸ்பர்க்), ஞாயிறு காலை 7.48

எங்க ஊர்க் கதை வேற மாதிரி. பென்சில்வேனியாவுல மார்செல்லஸ் பாறையில கேஸ் எடுக்க ஆரம்பிச்சப்ப, போடுறதுக்கு இங்க கிணறே கிடையாதுன்னு சொல்லலாம், விரல் விட்டு எண்ணிடலாம். அதனால என்ன பண்ணாங்க? ஊர்ச் சாக்கடையைச் சுத்திகரிக்கிற நிலையத்துக்கு டேங்கர்ல கொண்டுபோய்க் கொட்டினாங்க. அந்த நிலையம் கிருமியைக் கொல்லும், உப்பை எப்படி எடுக்கும்? மார்செல்லஸ் தண்ணி சில இடத்துல கடல் தண்ணியை விட அஞ்சாறு மடங்கு உப்பு. உள்ள போன உப்பு அப்படியே வெளிய வந்து ஆத்துல சேர்ந்துச்சு. 2008 இலையுதிர் காலத்துல மனோங்கஹேலா ஆத்துல தண்ணி குறைஞ்சிருந்த நேரம், கரைஞ்ச உப்பு எல்லை தாண்டிடுச்சு. எங்க குழாய்ல வர்றது அந்த ஆத்துத் தண்ணிதான்.

உப்பை விடப் பெரிய தலைவலி அதுல இருக்கிற புரோமைடு. குடிதண்ணி நிலையத்துல குளோரின் போடுறப்ப அது சேர்ந்து டிரைஹாலோமீத்தேன்னு ஒரு வகையறா உருவாகுது. புற்றுநோய் ஆபத்துக்காக அதுக்குன்னு தனி வரம்பே வச்சிருக்காங்க. அதாவது கழிவைக் கொட்டினது மேல ஒருத்தன், விஷமாக்கினதுக்குப் பதில் சொல்ல வேண்டியது கீழ இருக்கிற குடிநீர் வாரியம்.

2010-ல மாநிலம் புது விதி கொண்டுவந்துச்சு: ஆத்துல விடுற தண்ணியில லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல கரைஞ்ச உப்பு இருக்கக் கூடாது. நல்ல விதிதான், ஆனா ஏற்கெனவே விட்டுக்கிட்டு இருந்த நிலையங்களுக்கு விலக்கு! அப்புறம் 2011 ஏப்ரல்ல மாநிலச் சுற்றுச்சூழல் துறை கம்பெனிகளை, மே 19-க்குள்ள தயவுபண்ணி நிறுத்துங்கன்னு கேட்டுக்கிச்சு. உத்தரவு இல்லீங்க, வேண்டுகோள். ஆச்சரியம் என்னன்னா பெரும்பாலும் நிறுத்திட்டாங்க. ஊர்ச் சாக்கடை நிலையத்துக்கு இந்தத் தண்ணி போகவே கூடாதுன்னு மத்திய அரசோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (இபிஏ) விதி போட்டது 2016-ல. அதுக்குள்ள இங்க கொட்டுற ஆளே கிட்டத்தட்ட இல்ல. கல்யாணம் முடிஞ்சு பந்தல் பிரிச்ச அப்புறம் வந்த மேளக்காரன் மாதிரி.

வண்டல், ஞாயிறு காலை 8.05

ஆத்துல விட்டது நின்னுடுச்சுன்னா இப்ப சுத்தமாயிடுச்சா?

பெருமாள்கோயில் தெரு, ஞாயிறு காலை 8.31

தண்ணி ஓடிடும் சார், மண்ணு நிக்கும். இண்டியானா கவுன்ட்டியில (இண்டியானா மாநிலம் இல்ல, இங்கயே ஒரு மாவட்டம்) ஜோசஃபின்னு ஒரு ஊர், உப்புத்தண்ணியைச் சுத்திகரிக்கவே கட்டின நிலையம் ஒண்ணு. அது தண்ணி விட்ட பிளாக்லிக் ஓடையில டியூக் பல்கலைக்கழகம் மண்ணெடுத்துப் பார்த்து 2013-ல கட்டுரை போட்டாங்க. குழாய் விழுற இடத்து வண்டல்ல ரேடியம்ங்கிற கதிரியக்கப் பொருள் ஓடையோட மேல்பகுதியை விட 200 மடங்கு. பாறைக்குள்ள இயற்கையா இருக்கிற ரேடியம்தான், தண்ணியில கரைஞ்சு மேல வந்து ஓடையடியில படிஞ்சிருக்கு.

மிட்லண்ட்காரன், ஞாயிறு காலை 8.50

நான் சொன்ன துணிப்பை ஃபில்டர்லயும் அதே சங்கதிதான். வடக்கு டகோட்டாவுல 2014-ல நூனன்னு ஒரு சின்ன ஊர்ல, மூடிக் கிடந்த பெட்ரோல் பங்க்குக்குள்ள கறுப்புக் குப்பைப் பை குப்பைப் பையா இந்த ஃபில்டரை அடைச்சு வச்சிருந்ததைக் கண்டுபிடிச்சாங்க. கதிரியக்கம் இருக்கிறதால சாதாரணக் குப்பைமேட்டுல வாங்க மாட்டாங்க, வாங்குற இடத்துக்கு அனுப்பக் காசு. அதனால ஆளில்லாத கட்டடம். தண்ணிக்குப் போட்ட சட்டம் ஃபில்டர் துணி வரைக்கும் எட்டல.

ஸ்டில்வாட்டர் அக்கா (ஓக்லஹோமா), ஞாயிறு காலை 9.27

பாறையில போட்டா என்ன ஆகும்னு எங்களைக் கேளுங்க.

2016 செப்டம்பர் 3, சனிக்கிழமை காலை 7.02. இட்லிக்கு ஊத்திட்டு நிக்கிறேன். முதல்ல சத்தம், அடியில லாரி ஓடுற மாதிரி. அப்புறம் அலமாரியில இருந்த எவர்சில்வர் தட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கிச்சு. பூஜை அறையில குத்துவிளக்கு சாஞ்சு எண்ணெய் தரையெல்லாம். பக்கத்து ஊரு பானீ, 5.8. ஓக்லஹோமாவுல பதிவானதிலேயே பெரிசு. வரவேற்பறைச் செங்கல்ல ஜன்னல் மூலையிலேர்ந்து படிக்கட்டு மாதிரி ஒரு விரிசல் வந்துச்சு. அதோட நுனியில பென்சிலால தேதி போட்டு வச்சேன். நவம்பர்ல குஷிங்ல 5.0 வந்தப்ப கோடு பென்சில் குறியைத் தாண்டி ரெண்டு விரக்கடை போயிருந்துச்சு. வீட்டுக் காப்பீட்டுல கேட்டா, நிலநடுக்கத்துக்குத் தனியா எடுத்திருக்கணுமாம்.

கணக்கைச் சொல்றேன். 2008 வரைக்கும் இந்த மாநிலத்துல 3-க்கு மேல நிலநடுக்கம் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு. 2015-ல மட்டும் கிட்டத்தட்ட 900. கலிஃபோர்னியாவையே தூக்கிச் சாப்பிட்டுட்டோம்.

காரணம் ஆர்பக்கிள்னு ஒரு சுண்ணாம்புப் பாறை அடுக்கு. எவ்வளவு ஊத்தினாலும் குடிக்கும், பல இடத்துல அழுத்தமே தேவையில்ல, தானா இறங்கும். எல்லாரும் அதுலயே ஊத்தினாங்க. ஆனா அதுக்குக் கீழயே பழைய பிளவுகள் ஓடுற அடித்தளப் பாறை. மேல ஏறின நீரழுத்தம் மெல்ல அந்தப் பிளவுக்குள்ள போச்சு. மழை ரோட்டுல டயருக்கும் தாருக்கும் நடுவுல தண்ணி புகுந்தா வண்டி வழுக்குமே, அதேதான். பிளவோட ரெண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடிச்சிருந்த பிடி தளர்ந்துடுது.

உப்புக்கண்டம், ஞாயிறு காலை 9.55

அக்கா, மன்னிக்கணும், ஆனா ஓக்லஹோமா நிலநடுக்கத்துக்கும் ஃப்ராக்கிங்குக்கும் சம்பந்தமே இல்லன்னு அமெரிக்கப் புவியியல் துறையே சொல்லியிருக்கு. சும்மா பீதி கிளப்பாதீங்க.

ஸ்டில்வாட்டர் அக்கா, ஞாயிறு காலை 10.10

தம்பி, அவங்க சொன்னதைப் பாதியில நிறுத்திட்டீங்க. இங்க கீழ இறக்கின தண்ணியில விரிசலுக்கு அடிச்சது 10 சதவீதமோ அதுக்குக் கம்மியோதான், மிச்சமெல்லாம் பாறையிலேர்ந்து எண்ணெயோட வந்த உப்புத்தண்ணின்னு சொன்னாங்க. தண்ணியை உள்ள தள்ளினதுதான் நிலநடுக்கத்துக்குக் காரணம்னும் அவங்களேதான் சொன்னாங்க. விரிசல் வேலை சில நாள்ல முடிஞ்சிடும். தண்ணி வருஷக்கணக்கா போகுது. இந்த வித்தியாசத்தை எதிர்க்கிறவங்களும் சொல்றதில்ல, கம்பெனிக்காரங்களும் சொல்றதில்ல. எதிர்க்கிறவங்களுக்கு "ஃப்ராக்கிங்"ங்கிற வார்த்தைதான் கோஷத்துக்கு வசதி. கம்பெனிக்கு "அது ஃப்ராக்கிங் இல்ல"ன்னு சொல்லித் தப்பிக்க வசதி. நடுவுல என் சுவரு.

இது புதுசா தெரிஞ்ச விஷயமும் இல்ல. டென்வர் பக்கத்துல ராணுவ ரசாயன ஆலை ஒண்ணு (ராக்கி மவுன்டன் ஆர்சனல்), 1962-லேர்ந்து ஆழக் கிணத்துல கழிவை இறக்கினாங்க. ஊரு ஆட ஆரம்பிச்சது. 1966-ல நிறுத்தினாங்க. பெரிய நடுக்கம் வந்தது நிறுத்தின அப்புறம், 1967-ல. பிறகு அதே கொலராடோவுல ரேஞ்ச்லி எண்ணெய் வயல்ல புவியியல் துறை அழுத்தத்தை ஏத்தி இறக்கி, நிலநடுக்கத்தை ஸ்விட்ச் மாதிரி போட்டு அணைச்சுக் காட்டினாங்க. அப்ப நான் பிறக்கவே இல்ல.

ஷரத்து, ஞாயிறு மதியம் 12.33

சட்டத்தைப் பற்றி வண்டல் கேட்டிருந்தார். நான் சுற்றுச்சூழல் வழக்குகளில் வேலை பார்ப்பவன். சுருக்கமாகச் சொல்ல வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் திட்டுவது 2005 எரிசக்திச் சட்டத்தை. குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் நிலத்தடிச் செலுத்துதல் விதிகளிலிருந்து விரிசல் வேலைக்கு (டீசல் சேர்த்தால் தவிர) விலக்குக் கொடுத்தார்களே, அது. உண்மைதான், ஆனால் கழிவுநீரை இறக்கும் கிணற்றுக்கு அந்த விலக்கு பொருந்தாது. அது இன்றும் அந்த விதிகளுக்குள் "இரண்டாம் வகுப்பு" கிணறு. நாடு முழுக்க அந்த வகுப்பில் சுமார் 1,80,000 கிணறுகள், அவற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் கழிவு போடுகிறவை. மீதி பெரும்பாலும் பழைய வயல்களில் எண்ணெயைத் தள்ளி எடுக்க நீர் விடுபவை.

பெரிய விலக்கு வேறொன்று, யாரும் பேசுவதில்லை. 1980-இல் நாடாளுமன்றம் எண்ணெய் வயல் கழிவுகளை அபாயகரக் கழிவு விதிகளிலிருந்து தற்காலிகமாக ஒதுக்கி வைத்தது, இபிஏ ஆராய்ந்து முடிவு சொல்லட்டும் என்று. 1988-இல் இபிஏ சொன்ன முடிவு: ஒதுக்கியே வையுங்கள். ஆக, ஒரு திரவத்தில் பென்சீன் என்ற நச்சு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட அது எங்கிருந்து வந்தது என்பதே முக்கியம். மற்றத் தொழிற்சாலைக் கழிவாக இருந்தால் அபாயகரம் என்று முத்திரை விழக்கூடிய சரக்கு, எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்தால் வெறும் உப்புத்தண்ணீர்.

இனி அனுமதிப் படிவம். இந்தக் கிணற்றைச் சுற்றிக் கால் மைலுக்குள் பழைய கிணறுகள் உண்டா? உறைகுழாய் சரியாக இருக்கிறதா? குடிநீர்ப் படுகைக்கும் இதற்கும் நடுவில் தடுப்புப் பாறை உண்டா? அழுத்தம் எவ்வளவு? கேள்விகள் எல்லாம் குடிநீரைக் காப்பாற்ற 1970-களில் யோசித்தவை. அந்த வேலைக்குப் பொதுவாகப் பரவாயில்லை. இதே பாறையில் இன்னும் எத்தனை பேர் ஊற்றுகிறார்கள், எல்லாம் சேர்ந்து எவ்வளவு என்ற கேள்வி மத்திய விதியில் இல்லை. அனுமதி கிணற்றுக்குக் கிணறு தனித்தனி. பாறைக்கு அந்தப் பிரிவு தெரியாது. ஆயிரம் கிணறும் தனித்தனியாகச் சட்டப்படி நடந்து, மொத்தமாக ஒரு மாநிலத்தை ஆட்டலாம். ஓக்லஹோமாவில் நடந்தது இதுதான், பெரும்பாலோர் எந்த விதியையும் மீறவில்லை.

ஸ்டில்வாட்டர் அக்கா, ஞாயிறு மதியம் 1.02

ஆமா ஷரத்து சார். வழிக்கு வந்ததும் மொத்தக் கணக்கைப் பார்த்த அப்புறம்தான். இங்க எண்ணெய்க் கிணறுகளைக் கட்டுப்படுத்துற எங்க மாநிலக் கார்ப்பரேஷன் கமிஷன் முதல்ல அங்கங்க ஒரு கிணறு, ரெண்டு கிணறுன்னு தட்டிப் பார்த்துச்சு. 2015-ல ஆழமா அடித்தளப் பாறையைத் தொட்ட கிணறுகளை மேல ஏத்திச் சிமென்ட் போட்டு அடைக்கச் சொன்னாங்க. 2016-ல பகுதி முழுக்கச் சேர்த்து 40 சதவீதம் அளவு குறைக்கணும்னாங்க. எண்ணெய் விலையும் அப்ப படுத்துக் கிடந்தது, அதையும் சொல்லணும், பாதிப் புண்ணியம் அதுக்கு. வருஷத்துக்கு 900-ன்னு இருந்த நடுக்கம் சில வருஷத்துல மளமளன்னு சரிஞ்சது.

இன்னொரு வேடிக்கை. பானீ ஆடின அன்னிக்கே கமிஷன் 37 கிணத்தை மூடச் சொல்லுச்சு. ஆனா பக்கத்து ஓசேஜ் கவுன்ட்டி எல்லையோட அவங்க அதிகாரம் முடிஞ்சுது. அங்க நிலத்தடி உரிமை ஓசேஜ் பழங்குடியினரோடது, கிணறுகளைப் பார்த்துக்கிறது நேரா இபிஏ. அவங்க தனியா முடிவெடுத்தாங்க. பிளவு என்னமோ அந்த எல்லையில நிக்கல.

கழனிமேடு, ஞாயிறு மதியம் 2.15

இவ்ளோ கஷ்டப்பட்டு உள்ள ஏன் தள்ளணும்? சுத்தம் பண்ணி விவசாயத்துக்கு விடலாமே. கலிஃபோர்னியாவுல அப்படித்தானே செய்றாங்க?

பெருமாள்கோயில் தெரு, ஞாயிறு மதியம் 2.40

கெர்ன் கவுன்ட்டியில செய்றாங்க, 90-கள்லேர்ந்து. ஆனா கெர்ன் ரிவர் வயல் தண்ணி இயல்பாவே உப்பு கம்மி, கூடவே நல்ல தண்ணி கலந்து விடுறாங்க. அது விரிசல் கிணத்துத் தண்ணியும் இல்ல. மார்செல்லஸ் தண்ணியை அந்தத் தரத்துக்குக் கொண்டுவரணும்னா காய்ச்சித்தான் எடுக்கணும். செலவு ஒரு பக்கம், மிஞ்சுற உப்பு மலையை எங்க கொட்டுறது? ரேடியத்தோட. அதே கேள்வி, இப்ப மூட்டை மூட்டையா.

இங்க பெரும்பகுதியை அடுத்த கிணத்தை உடைக்கவே திரும்ப எடுத்துக்கிறாங்க. நல்ல ஏற்பாடுதான். ஆனா புதுக் கிணறு தோண்டுற வரைக்கும்தான் அது ஓடும். தோண்டுறது நின்னா, பழைய கிணத்துலேர்ந்து வர்ற தண்ணிக்குப் போக்கிடம் கிடையாது.

மிச்சம் ஒஹாயோவுக்குப் போகுது. அங்க 200-க்கு மேல கிணறு. தன் வட்டாரத் தண்ணிக்கு பேரலுக்கு 5 சென்ட், வெளித் தண்ணிக்கு 20 சென்ட் கட்டணம். 159 லிட்டருக்கு 20 சென்ட்! எங்க ஊர்ல காய்கறிக் கடையில பை வாங்கினாலே அதுக்குப் பக்கத்துல வரும்.

உப்புக்கண்டம், ஞாயிறு மதியம் 2.58

ஒஹாயோ ஏன் வாங்குது? வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே.

ஷரத்து, ஞாயிறு மாலை 4.10

சொல்ல முடியாது. வெளிமாநிலக் கழிவு என்பதற்காக மட்டும் ஒரு மாநிலம் அதைத் தடுக்கக் கூடாது என்று 1978-இலேயே உச்ச நீதிமன்றம் நியூ ஜெர்சி வழக்கில் சொல்லிவிட்டது. கழிவும் வணிகப் பொருள்தான்.

யங்ஸ்டவுனில் ஒஹாயோ பட்டதும் சேர்த்துச் சொல்கிறேன். 2010 டிசம்பரில் நார்த்ஸ்டார் 1 என்ற கிணறு வேலை தொடங்கியது. அதற்கு முன் அந்த ஊரில் நிலநடுக்கப் பதிவே கிடையாது. 2011-இல் சின்னச் சின்னதாக வரிசையாக வந்தன. டிசம்பர் 30 அன்று நிறுத்தினார்கள். மறுநாள் 4.0. டென்வர் கதையேதான், நிறுத்தினாலும் உள்ளே ஏறிய அழுத்தம் இறங்க நாளாகும். அதன் பிறகு அடித்தளப் பாறைக்குள் கிணறு போகக் கூடாது என்று ஒஹாயோ தடுத்தது. காசில்லாத, எளிமையான விதி. ஏன் எல்லா மாநிலத்திலும் முதல் நாளே அது இல்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அதே ஊரில் 2013-இல் ஒரு கம்பெனி முதலாளி இரவில் மழைநீர் வடிகாலில் இந்தக் கழிவைத் திறந்துவிடச் சொல்லி மாட்டிக்கொண்டார். 28 மாதம் சிறை. சட்டம் கண்டிப்பாக இருந்தது அங்குதான், ஏனென்றால் அந்த வடிகால் போய்ச் சேர்வது ஆறு, கண்ணுக்குத் தெரிகிறது.

வண்டல், ஞாயிறு மாலை 5.30

தலை சுத்துது. மிட்லண்ட் அண்ணே, உங்க டெக்சாஸ் எப்படி? நீங்க பாட்டுக்குக் காலையில பேசிட்டு மறைஞ்சுட்டீங்க.

மிட்லண்ட்காரன், ஞாயிறு இரவு 10.44

ஷிப்ட் முடிஞ்சு இப்பதான் வர்றேன்.

எங்களுக்கு அதிகாரம் ரயில்ரோடு கமிஷன். சிரிக்காதீங்க, ரயிலுக்கும் அவங்களுக்கும் இப்ப சம்பந்தமே இல்ல, எண்ணெயைப் பார்க்கிறது அவங்கதான். மிட்லண்டைச் சுத்தி பூமி ஆடவும் 2021-ல வரைபடத்துல வட்டம் போட்டு, கார்டன்டேல் பகுதின்னு பேரு வச்சு, முதல்ல அளவைக் குறைச்சாங்க, டிசம்பர்ல ஆழக் கிணத்தையே நிறுத்தினாங்க. சரியான முடிவு. ஆனா தண்ணி குறையலையே? ஆழம் வேணாம்னதும் மேலடுக்குப் பாறைக்கு மாத்தினோம். இப்ப மேலடுக்குல அழுத்தம் ஏறுது. அந்த அடுக்கு முழுக்க எங்க தாத்தா காலத்துலேர்ந்து தோண்டி, சரியா அடைக்காம விட்ட எண்ணெய்க் கிணறுங்க. 2022 ஜனவரியில கிரேன் கவுன்ட்டியில அப்படி ஒண்ணு பிய்ச்சுக்கிட்டு வானத்துக்கு உப்புத்தண்ணி அடிச்சுது. 2025-லேர்ந்து கமிஷன் புது வழிமுறை வச்சிருக்கு, பழைய கிணறு இருக்கான்னு இனிமே அரை மைல் சுத்திப் பார்க்கணும். முன்னாடி கால் மைல்.

ஷரத்து சார் சொன்னதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் யோசிச்சேன். என் அனுபவத்துல ஒண்ணு சொல்லிடுறேன். அந்த வட்டம் போட்டப்ப எங்க கிணறு ஒண்ணு உள்ள மாட்டிச்சு. ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு வெட்டினாங்க, கட்டுப்பட்டோம், தினமும் அறிக்கை அனுப்பினோம். ஒரு வாரம் கழிச்சு வேற ஒரு கிணத்துக்கு வேலையாப் போனேன். கோட்டுக்கு வெளிய. பார்த்தா எங்க கிணத்துக்கு வழக்கமா வர்ற அதே டேங்கர், அதே டிரைவர். மீட்டரைத் தட்டிக்கிட்டு நிக்கிறார். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

ஸ்டில்வாட்டர் அக்கா, ஞாயிறு இரவு 10.51

எவ்வளவு தூரம் தள்ளி?

மிட்லண்ட்காரன், ஞாயிறு இரவு 10.53

ஏழு மைல் அக்கா. அதே பாறைதான்.